புத்தக விலை கேட்டால் புத்தகமாகக் கொடுங்கள்: ஆர்பிஜி பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேசையில் ஆடும் ரோல்பிளேயிங் கேம்களுக்கு (ஆர்பிஜி) விதிநூல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2024-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆட்டத்தின் விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக், கெட்டி அட்டைப் பதிப்பில் 49.99 டாலர். அதே நூல் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் டிஜிட்டலாக 29.99 டாலர். தாள் இல்லை, மை இல்லை, லாரி இல்லை, கடைக்காரர் பங்கு இல்லை, அதனால் இருபது டாலர் குறைவு. கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அந்த 29.99 டாலரைக் கட்டியபின் என் கைக்கு வருவது என்ன? ஒரு கோப்புகூட வருவதில்லை. பிடிஎஃப் கிடையாது. தளத்துக்குள் போய்ப் படிக்கலாம், செயலியில் இறக்கி வைத்துப் படிக்கலாம், அவ்வளவுதான். தளம் இருக்கிற வரைக்கும், அதில் என் கணக்கு இருக்கிற வரைக்கும்.

இந்த மடல் டி அண்ட் டியை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டுக்கு மட்டும் எழுதியதல்ல. ஆளுக்கொரு விதமாக இந்த வியாபாரத்தைச் செய்யும் உங்கள் எல்லோருக்கும்தான். நான் சென்னையில் ஒரு சின்னக் குழுவுக்கு கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்தி விதி சொல்லும் ஆள். உங்கள் நூல்களில் பெரும்பாலானவற்றை டிஜிட்டலாகத்தான் வாங்குகிறேன். இலவசமாகக் கொடுங்கள் என்று கேட்க வரவில்லை. என்ன விலைக்கு எதைத் தருகிறீர்கள் என்பதுதான் என் வழக்கு.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, ஒரு கதையைச் சேர்ந்து நகர்த்துவது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டி அண்ட் டி இதற்கெல்லாம் மூத்தது. ஆட ஒரு பென்சிலும் பகடையும் போதும், ஆனால் விதிநூல் வேண்டும். அந்த விதிநூல்கள் முன்னூறு, நானூறு பக்கம் போகும். மேசைக்கு ஒருவர் வாங்குவார், மற்றவர்கள் அதை எட்டிப் பார்த்தே ஆடிவிடுவார்கள்.

விலையைப் பேசுமுன் இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாங்கள் உங்கள் நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பதில்லை. ஆட்டத்தின் நடுவே தேடுகிறோம். ஒருவர் எதிரியைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிறேன் என்கிறார், அதற்கு என்ன உருட்ட வேண்டும்? நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பத்து வினாடிக்குள் பதில் கிடைத்தால் ஆட்டம் ஓடும். ஒரு நிமிடம் ஆகிவிட்டால் ஒருவர் டீ போடப் போய்விடுவார், இன்னொருவர் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்துவிடுவார். டிஜிட்டல் பதிப்பு அச்சை ஜெயிக்க வேண்டிய இடம் இதுதான். வெட்கக்கேடு என்னவென்றால், பாதிக்கு மேல் இங்கேயே தோற்கின்றன.

எப்படித் தோற்கின்றன என்றும் சொல்கிறேன். அச்சுக்காக வடிவமைத்த எட்டரைக்குப் பதினோரு அங்குலப் பக்கம், இரண்டு பத்தி, பின்னணியில் பழைய தோல்சுவடி மாதிரி ஒரு படம். அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி விற்றுவிடுகிறீர்கள். போனில் திறந்தால் இடது பத்தியைப் பெரிதாக்கிக் கீழே போக வேண்டும், மறுபடி மேலே வந்து வலது பத்திக்கு நகர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் தோல்சுவடிப் படம் ஏறி முடிக்கும்வரை எழுத்து தெரியாது. பிரபலமான ஒரு விதிநூலை வாங்கி, முதல் ஆட்டத்திலேயே 'ஃபயர்பால்' மந்திரத்தைத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நூலில் ஃபயர்பால் இல்லாமல் இருக்குமா? பிறகுதான் புரிந்தது, அந்த எழுத்துருவில் எஃப் எழுத்தும் ஐ எழுத்தும் ஒட்டி ஒரே வடிவமாக அச்சாகியிருக்கிறது. ஏற்றுமதி செய்யும்போது அதைச் சரியாகக் குறிக்காததால் தேடுபொறிக்கு அது வேறேதோ எழுத்து. 'எஃப்ஐ' வரும் சொல் எதுவுமே அந்த நூலில் தேடினால் அகப்படாது. ஃபயர், ஃபைட், ஃபிஷ் எதுவும் கிடையாது. சரி, பொருளடக்கத்தைத் தட்டிப் போகலாம் என்றால் அதில் இணைப்பு இல்லை. புக்மார்க் இல்லை. நூலில் அச்சிட்ட பக்க எண்ணுக்கும் பிடிஎஃப் காட்டும் எண்ணுக்கும் இரண்டு பக்கம் வித்தியாசம். அட்டவணையை நகலெடுத்து என் குறிப்பில் ஒட்டினால் வரிசையெல்லாம் கலைந்து சோறு மாதிரி கொட்டுகிறது.

இதையெல்லாம் சரிசெய்ய ஒரு ஆள் சில நாள் உட்கார்ந்தால் போதும். நூலுக்கு ஓவியம் வரைய எத்தனையோ பேருக்குக் காசு கொடுக்கிறீர்கள், அவருக்கும் கொடுங்கள். பார்வையற்ற ஆட்டக்காரர்களின் திரைவாசிப்பான் உங்கள் பிடிஎஃப்பைப் படிக்கவும் இதே வேலைதான் தேவை. தலைப்பு எது, அட்டவணை எது, எந்தப் பத்திக்குப் பின் எந்தப் பத்தி என்று உள்ளே குறித்து வைத்திருந்தால் அவருக்கும் பயன், எனக்கும் பயன். பின்னணிப் படத்தை அணைத்துக்கொள்ளும் வசதியுள்ள பிடிஎஃப்களைச் சிலர் ஏற்கனவே தருகிறார்கள். ஈவில் ஹேட் என்ற பதிப்பகம், தன் ஃபேட் கோர் நூலைப் போனில் படிக்க வசதியான ஈபப் வடிவத்திலும் கொடுத்தது. முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

இப்போது காசுக்கு வருவோம். டிஜிட்டலுக்கு அச்சுச் செலவே இல்லையே, இரண்டு டாலருக்கு விற்கக்கூடாதா என்று சிலர் கேட்பதை நானும் கேட்டிருக்கிறேன். அது தவறான கேள்வி. எழுதியவர், தொகுத்தவர், ஆடிப் பார்த்துச் சோதித்தவர்கள், ஓவியர், வடிவமைப்பாளர் எல்லோருக்கும் கொடுத்த சம்பளம் அச்சில் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அதே கணக்கை முழுதாகப் போட்டால் உங்களுக்குச் சாதகமில்லாத ஒரு பாதியும் வரும். 50 டாலர் கெட்டி அட்டை நூல் விநியோகஸ்தர் வழியாகக் கடைக்குப் போனால் பதிப்பாளர் கைக்கு வருவது பொதுவாக அட்டை விலையில் 40 சதவீதம், அதாவது 20 டாலர். அதிலிருந்து அச்சுக் கூலி, கப்பல் கட்டணம், கிடங்கு வாடகை எல்லாம் கழிய வேண்டும். அதே நூலின் பிடிஎஃப்பை டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற விற்பனைத் தளத்தில் 20 டாலருக்கு விற்றால், அங்கே மட்டும் விற்பவருக்கு 70 சதவீதம், வேறு இடங்களிலும் விற்பவருக்கு 65 சதவீதம் கிடைக்கும். 13, 14 டாலர். அதில் அச்சகத்துக்குக் கொடுக்க எதுவும் இல்லை, விற்காமல் கிடங்கில் தூசி தட்டுவதும் இல்லை. ஆக 20 டாலர் பிடிஎஃப், 50 டாலர் புத்தகத்துக்கு ஏறக்குறைய சமமாக உங்கள் வயிற்றை நிரப்புகிறது. இந்தக் கணக்குத் தெரிந்த பிறகு, உங்கள் சொந்தத் தளத்திலேயே, நடுவில் யாருக்கும் பங்கு கொடுக்காமல், கோப்பும் தராமல் 30 டாலர் கேட்பது எனக்கு உறுத்துகிறது.

பைசோ பதிப்பகம் 2009 ஆகஸ்டில் டி அண்ட் டிக்குப் போட்டியாக பாத்ஃபைண்டர் ஆட்டத்தை வெளியிட்டபோது 576 பக்க முதன்மை நூல் அச்சில் 49.99 டாலர், பிடிஎஃப் 9.99 டாலர். ஐந்தில் ஒரு பங்கு. விதிகளை வலையில் இலவசமாகவும் போட்டார்கள். அதனால் யாரும் கடையை மூடவில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஐசிவி2 என்ற வணிகச் செய்தித்தளத்தின் சில்லறை விற்பனைப் பட்டியலில் டி அண்ட் டியையே முந்தினார்கள். விலை ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், அந்தச் சமயம் டி அண்ட் டியின் நான்காம் பதிப்பின்மேல் பலருக்குக் கோபம் இருந்தது. ஆனால் மலிவான பிடிஎஃப் அச்சு விற்பனையைக் கொன்றுவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

அதே 2009-இல் விஸார்ட்ஸ் செய்தது நேர் எதிர். பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2 திருட்டுத்தனமாக இணையத்தில் பரவியதும், ஏப்ரலில் சிலர்மேல் வழக்குப் போட்டதோடு, எல்லா பிடிஎஃப் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். புது நூல் மட்டுமல்ல, முப்பது வருடப் பழைய நூல்களும் போயின. ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இறக்கிக்கொள்ள மணிக்கணக்கில்தான் அவகாசம். திரும்ப விற்பனைக்கு வந்தது 2013 ஜனவரியில். இடையில் ஏறக்குறைய நான்கு வருடம், நேர்மையாக வாங்க நினைத்தவனுக்கு மட்டும் கதவு மூடியிருந்தது. திருடியவன் ஜன்னல் வழியாக வந்து போய்க்கொண்டுதான் இருந்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் மூன்று முதன்மை நூல்களும் பிடிஎஃப்பாக விற்பனைக்கு வரவே இல்லை. அடிப்படை விதிகளை இலவச பிடிஎஃப்பாகக் கொடுத்தார்கள், அது நல்ல விஷயம், மறுக்கவில்லை.

டி அண்ட் டி பியாண்ட் 2017-இல் தொடங்கியபோது அதை நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். நான் மேலே புலம்பிய தேடல் பிரச்சினைக்கு அதுதான் உண்மையான தீர்வாக இருந்தது. மந்திரத்தின் பெயரைத் தொட்டால் விவரம் மேலே எழும், கதாபாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட் தானே கணக்குப் போடும். அதைவிட எனக்குப் பிடித்தது, உதிரியாக வாங்க முடிந்தது. எனக்கு அந்த நூலில் ஒரே ஒரு உபவகுப்பு, அதாவது கதாபாத்திர வகையின் ஒரு கிளை மட்டும்தான் வேண்டும் என்றால் 1.99 டாலர் கொடுத்து அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் முழு நூலையும் வாங்கினால் முன்பு கொடுத்தது கழியும். ஒரு மேசையில் நூல் ஒருவரிடம்தான் இருக்கும் என்று சொன்னேனே, மற்ற நாலு பேரையும் வாங்குபவர்களாக மாற்றிய ஏற்பாடு இது. பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தவர் இரண்டு டாலர் கொடுக்கத் தயங்கமாட்டார். விஸார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2022-இல் அந்தத் தளத்தை 146.3 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2024-இல் உதிரி விற்பனையை எடுத்துவிட்டார்கள். இப்போது வேண்டுமென்றால் முழு நூல், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்தது இன்னும் மோசம். புதிய பதிப்பு வருவதை ஒட்டி, பழைய 2014 மந்திரங்களும் மாயப் பொருட்களும் கேரக்டர் ஷீட்டில் புதியவற்றால் மாற்றப்படும் என்று அறிவித்தார்கள். பழைய நூலைக் காசு கொடுத்து வாங்கி, நடுவில் நிற்கும் ஒரு நீண்ட கதையை ஆடிக்கொண்டிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றது நல்லது. ஆனால் என் அலமாரியில் இருக்கும் புத்தகத்தில் யாரும் இரவோடு இரவாக வந்து பக்கத்தை மாற்ற முடியாது. உங்கள் சர்வரில் இருக்கும் என் புத்தகத்தில் முடியும் என்பதை அந்த ஒரு வாரம் எல்லோருக்கும் காட்டிவிட்டது. பிழைதிருத்தம் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, டிஜிட்டலின் பெரிய லாபமே அதுதான். அச்சுப் பிழையைத் திருத்திய புதுக் கோப்பு வந்தால் சந்தோஷமாக இறக்கிக்கொள்கிறேன். பழையதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரே நூலை மூன்று முறை விற்கும் வித்தை. அச்சில் ஒரு விலை. பிடிஎஃப்புக்கு ஒரு விலை. நண்பர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், இணையத்தில் ஆடலாம் என்று ரோல்20 மாதிரியான மெய்நிகர் மேசைக்குப் போனால் அங்கே அதே நூலுக்கு மறுபடி ஒரு விலை. வரைபடங்களையும் பூதங்களையும் அந்த மேசைக்கு ஏற்றபடி அமைத்துத் தரும் உழைப்புக்குத் தனியாகக் கொஞ்சம் கேளுங்கள், தருகிறேன். உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏன் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும்?

இதைச் சரியாகச் செய்பவர்களும் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கால் ஆஃப் கதுலு வெளியிடும் கேயாசியம், முதலில் பிடிஎஃப் வாங்கியவர் பிறகு அச்சு நூல் வாங்கினால் பிடிஎஃப் விலையைக் கழித்துக்கொள்கிறது. பிட்ஸ் அண்ட் மார்ட்டர் திட்டத்தில் சேர்ந்த பதிப்பாளர்கள், உள்ளூர்க் கடையில் அச்சு நூல் வாங்கியவருக்கு பிடிஎஃப்பை இலவசமாகத் தருகிறார்கள். கடைக்காரரும் பிழைக்கிறார். மோர்க் போர்க் என்ற ஆட்டம் தன் விதிகளைப் படங்கள் இல்லாத இலவசப் பதிப்பாக விட்டுவிட்டு, அந்த மஞ்சள் அட்டை அச்சு நூலுக்குக் காசு கேட்கிறது. அந்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை வாங்குவது விதிக்காக மட்டும் அல்ல. ஐயர்ன்ஸ்வோர்ன் ஆட்டத்தின் பிடிஎஃப் இலவசம். எக்லிப்ஸ் ஃபேஸ் என்ற ஆட்டம் 2009-இல் வந்தபோதே, பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது, நகலெடுத்துப் பகிர்வதைப் பதிப்பாளரே தடுக்கவில்லை. எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்பதில்லை. வாசகனைத் திருடனாகப் பார்க்காமலும் வியாபாரம் நடக்கிறது என்பதற்குச் சொல்கிறேன். பக்கத்தின் அடியில் என் பெயரையும் ஆர்டர் எண்ணையும் அச்சிட்டுக் கொடுக்கும் வாட்டர்மார்க் முறையில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. என் பெயர் போட்ட நூலை நான் ஏன் ஊருக்கெல்லாம் அனுப்பப் போகிறேன்?

இனி எங்கள் ஊர் விஷயம். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 29.99 டாலர் 2,550 ரூபாய் ஆகிறது. அதன்மேல் வங்கி தன் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைச் சேர்க்கும். கல்லூரி மாணவருக்கும் முதல் வேலையில் இருப்பவருக்கும் இது ஒரு மாத போன் ரீசார்ஜ் கணக்கில் வரும் தொகை அல்ல. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2015 முதலே இந்தியாவில் ரூபாயில் விலை போடுகிறது. டி அண்ட் டி விதிகளை வைத்து லேரியன் நிறுவனம் உருவாக்கிய பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டு அமெரிக்காவில் 59.99 டாலர், இங்கே ஸ்டீமில் 2,999 ரூபாய். அமெரிக்க விலையை அப்படியே மாற்றினால் ஐயாயிரத்தைத் தாண்டும். நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் உழைத்த ஒரு கணினி விளையாட்டை இந்தியாவுக்கென்று விலை குறைத்து விற்க முடிகிறது, அதற்கு அடிப்படையான விதிநூலின் டிஜிட்டல் பதிப்பை முடியவில்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை கொடுக்க வேண்டியிருந்தால் என் நண்பர்கள் எதை வாங்குவார்கள் என்று கேட்கவே வேண்டாம். இங்கே ஆடுபவர்கள் குறைவு, அதற்காக யார் மெனக்கெடுவது என்று நீங்கள் நினைக்கலாம். இந்த விலையில் குறைவாகத்தான் இருப்போம்.

சிறு பதிப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. உங்களிடம் எனக்கு இருக்கும் சண்டை வேறு மாதிரி. நீங்கள் விலையைக் குறைத்து வைக்கிறீர்கள். கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் சிறு நூல்களுக்கு நிதி திரட்டும் ஸைன் குவெஸ்ட் சமயத்தில் வரும் நாற்பது பக்கச் சாகசம் ஒன்றை மூன்று டாலருக்குப் போடுகிறீர்கள், அதை வைத்து நாங்கள் ஒரு மாதம் ஆடுகிறோம். நானூறு பக்கப் பெருநூலில் பாதிப் பக்கங்களை நான் திறந்தே பார்த்ததில்லை. பக்க எண்ணிக்கையைப் பார்த்து விலை வைக்கும் பழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியாது, அது அச்சுத் தாளின் காலத்துக்குச் சரி. மேசையில் வைத்ததும் ஆடத் தயாராக இருக்கும் நாற்பது பக்கம் எனக்கு எட்டு டாலர் பெறும். கட்ட முடியாதவர்களுக்கு இட்ச் விற்பனைத் தளத்தில் நீங்கள் ஒதுக்கி வைக்கும் இலவசப் பிரதிகள் இருக்கின்றன, அந்தப் பழக்கம் பெரிய பதிப்பாளர்களிடம் இல்லாத பெருந்தன்மை. ஆகவே கூச்சப்படாமல் விலையை ஏற்றுங்கள்.

பெரிய பதிப்பாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கோப்பைக் கொடுத்தால் அச்சு விலையில் நாற்பது சதவீதம்வரை தாராளமாகக் கேளுங்கள். தளத்தில் படிக்க மட்டும் அனுமதி என்றால் பத்து டாலருக்குமேல் கேட்காதீர்கள், விற்பனை என்றும் சொல்லாதீர்கள், வாடகை என்றே போடுங்கள். அச்சு வாங்கியவரிடம் டிஜிட்டலுக்கு மறுபடி முழு விலை வாங்காதீர்கள். உதிரி விற்பனையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்த நான்கில் எதுவும் இந்த வருடம் முடியாது என்றால், இப்போது விற்றுக்கொண்டிருக்கும் பிடிஎஃப்களில் புக்மார்க்கையும் தேடலையுமாவது சரிபாருங்கள். ஏற்கனவே வாங்கிவிட்ட எங்களுக்கும் அந்தத் திருத்திய கோப்பு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கேம் மாஸ்டர்